மொட்டை மாடி வெர்ஷன்

இந்த ஊரில் பாட்டுக்காரர்களுக்குப் பஞ்சமே கிடையாது. மயிலாப்பூர்ப் பக்கம் தெருவுக்கு நாலு பேர் பாடுவார்கள். மீதிப் பேர் அவர்களைத் திருத்துவார்கள். ஆனால் வாழ்நாளில் ஒரே ஒரு பாட்டை எழுதி, அதையே திரும்பத் திரும்ப வெளியிட்டு, ஒவ்வொரு தடவையும் புது ஆல்பம் கொண்டுவந்தவன் மாதிரி தலைமுடியையும் மாற்றிக்கொண்ட பாடகன் எனக்குத் தெரிந்து உலகத்திலேயே ஒருத்தன்தான். அவன் எங்கள் மந்தைவெளி ஃப்ளாட்டின் மொட்டை மாடி அறையில் குடியிருந்தான்.

அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "மாமா, புது வெர்ஷன் போட்டாச்சு" என்று சொல்லிக்கொண்டே அவன் படியிறங்குவான். கொஞ்ச நாளில் அதுவே பெயராகிவிட்டது. கூரியர் கொண்டுவருகிறவர்கூட கீழே நின்று, "சார், வெர்ஷன் இருக்காரா?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்.

அவன் குடிவந்த புதிது. நல்ல கோடை. ஒரு சாயங்காலம் காய்ந்த துணி எடுக்க என் மனைவி வசந்தா மாடிக்குப் போனாள். கிளிப் டப்பாவைத் தூக்கிக்கொண்டு நானும் பின்னால் போனேன். எங்கள் வீட்டில் என்னை நம்பி ஒப்படைக்கப்பட்டிருக்கும் பொறுப்பு அது ஒன்றுதான். அறை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, மடியில் கிதாரோடு பையன் உட்கார்ந்திருந்தான். துணிக்கொடி மேலேயே ஒரு கறுப்பு ஒயரை இழுத்து, அதன் நுனியில் மைக்கைத் தொங்கவிட்டிருந்தான். எங்களைப் பார்த்ததும் கூச்சப்பட்டு நிறுத்திவிட்டான்.

"பாடுடாப்பா. நாங்க துணி எடுக்கத்தான் வந்தோம்" என்றாள் வசந்தா.

பாடினான். "மழை விட்டதும் போலாம்" என்று ஆரம்பிக்கிற பாட்டு. மழைக்கு ஒதுங்கிய இடத்தில் பக்கத்தில் நிற்கிறவளைப் பார்த்து, இன்னும் கொஞ்சம் நின்றுவிட்டுப் போயேன் என்று கேட்கிற சமாசாரம். அவ்வளவுதான் விஷயம். சாதாரணக் குரல். ஆனாலும் என்னவோ, எடுத்த கிளிப்பை டப்பாவில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன்.

முடிந்ததும் வசந்தா சொன்னாள்: "நன்னா இருக்குடா. ஆனா..."

கீழே தண்ணி லாரி ஹாரன் அடித்தது.

வசந்தா எங்கள் ஃப்ளாட் சங்கத்தின் செயலாளர். தண்ணித் தொட்டி மூடியின் சாவி அவள் இடுப்பில்தான் இருக்கும். லாரிக்காரர் ஹாரன் அடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பார்ப்பார். மூடியைத் திறக்க ஆள் வரவில்லையென்றால் அடுத்த தெருவுக்குப் போய்விடுவார். கோடையில் அந்த ஹாரனைக் கேட்டால் இந்த ஊரில் எச்சில் கையோடு எழுந்து ஓடுகிறவர்கள் உண்டு. வசந்தா ஓடினாள். நானும் டப்பாவோடு ஓடினேன். பாட்டையும் பையனையும் நான் அத்தோடு மறந்துபோனேன்.

அவன் பாட்டு, போனில் பாட்டுக் கேட்கிற ஆப்பில் வந்தது. கேட்டவர்கள் நன்றாக இருக்கிறது என்றார்கள். இரண்டு மாதம் கழித்துத் தேடினால் அதைக் காணோம். அதே பெயரில் வேறு ஒன்று இருந்தது. கிதார் போய், கம்ப்யூட்டரில் செய்த சத்தம் திம் திம்மென்று அடித்தது. குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. படிக்கட்டில் பிடித்து விசாரித்தேன். பிறத்தியார் விஷயத்தில் மூக்கை நுழைப்பதுதான் என் பிழைப்பு. வாரப் பத்திரிகையில் வாராவாரம் ஒரு பக்கம் நிரப்ப வேண்டுமே.

"பழசு எங்கப்பா?"

"டெலீட் பண்ட்டேன் மாமா. வெறும் கிதார் வேலைக்கு ஆவாது. சவுண்டு பெருசா இருக்கணும்."

"நல்லாத்தானே இருந்தது?"

"நல்லாதான் இருந்திச்சு" என்று இழுத்துவிட்டு இறங்கிப் போனான்.

இதுதான் அவன் கொள்கை. ஒரு நேரத்தில் ஒரு வெர்ஷன்தான் உயிரோடு இருக்கலாம். புதுசு வந்ததும் பழசு ஆப்பிலிருந்தும் போகும், அவன் கம்ப்யூட்டரிலிருந்தும் போகும். புது வெர்ஷன் தயாரானால் மொட்டை மாடியில் ஸ்பீக்கர் வைத்து ஃப்ளாட்டுக்கே போட்டுக் காட்டுவான். பாட்டு முடிகிற நேரத்தில் அவன் கண் மட்டும் வசந்தாவின் முகத்திலேயே இருக்கும். செயலாளர் என்பதால் மரியாதை தருகிறான் என்று நான் நினைத்தேன். வசந்தாவோ அந்த நேரத்தில் தொட்டியில் எத்தனை அடி தண்ணீர் இருக்கிறது என்று மனக்கணக்குப் போட்டுக்கொண்டிருப்பாள். நெற்றி சுருங்கியிருக்கும். அவன் முகம் வாடிவிடும். மறுநாளே அடுத்த வெர்ஷனுக்கு அறைக் கதவு சாத்தப்படும்.

கம்ப்யூட்டர் சத்தம் போய் டிரம்ஸ் வந்தது. வாசிக்க ராயப்பேட்டையிலிருந்து ரஃபி என்று ஒருத்தன் வந்தான். குடும்பமே கல்யாண பேண்டு செட்டுகளுக்குச் சட்டை தைத்துக் கொடுக்கிற குடும்பம். இவன் மட்டும் தைக்காமல் தட்டப் போய்விட்டான். இரண்டு பேருமாகச் சேர்ந்து ஒரு காரியம் செய்தார்கள். மயிலாப்பூரில் ஒரு சபாவின் மினி ஹாலை ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு வாடகைக்குப் பிடித்தார்கள். பாப் கச்சேரி. எங்கள் ஃப்ளாட் மொத்தமும் போய் உட்கார்ந்தோம். ஃப்ளாட்டைச் சேர்ந்தவர்கள் போக, கச்சேரி என்ற பெயரைக் கேட்டாலே வந்துவிடுகிற அந்த வட்டாரத்துப் பெரியவர்களும் வந்திருந்தார்கள்.

ஆரம்பம் அமோகம். முன்வரிசையில் தொடையில் தாளம் போட்டார்கள். பல்லவி இரண்டாவது தடவை வந்தபோது யாரோ "ஆஹா" என்றார்கள். அப்புறம் வெர்ஷன் மைக்கை விட்டு விலகி ரஃபிக்குக் கை காட்டினான். ரஃபி தனியாக டிரம்ஸ் வாசிக்கத் தொடங்கினான். ஹாலில் பாதிப் பேர் எழுந்தார்கள். செருப்பைத் தேடி, பையை எடுத்து, சாவகாசமாக கேன்டீன் பக்கம் நடந்தார்கள். கோபமெல்லாம் இல்லை. மிருதங்கக்காரர் தனி ஆவர்த்தனம் ஆரம்பித்தால் எழுந்து போய்க் காபி குடித்துவிட்டு வருவது அவர்களுக்குப் பரம்பரை பரம்பரையாக வந்த பழக்கம். கால் தானாக எழுந்துவிட்டது.

ரஃபிக்கு இது தெரியாது. வாசிப்பு பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று பயந்து இன்னும் வேகமாக அடித்தான். அவன் வேகம் கூடக்கூட மீதிப் பேரும் எழுந்தார்கள். கடைசியில் நானும் எங்கள் முதல் மாடி ஆடிட்டரும்தான் மிச்சம். ஆடிட்டர் தூங்கிவிட்டார்.

"இன்னா நைனா, நான் அடிக்க ஆரம்பிச்சா எல்லாம் ஓடிப் போறாங்க?" என்று மேடையிலிருந்தே கேட்டான் ரஃபி.

காபி வாசனையோடு எல்லோரும் திரும்பி வந்து, விட்ட இடத்தில் தாளத்தைப் பிடித்துக்கொண்டார்கள். பாட்டு முடிந்த பிறகும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. மங்களம் பாடாமல் எப்படிப் போவது என்று காத்திருந்தார்கள். மேடையிலிருந்த இரண்டு பேருக்கும் அது புரியவில்லை. பிறகு வெர்ஷன் அதே பாட்டை மறுபடி முதலிலிருந்து பாடினான். வேறு பாட்டு அவனிடம் இல்லை.

அடுத்த வெர்ஷனில் டிரம்ஸ் இல்லை. ரஃபி மட்டும் நண்பனாக மிஞ்சினான்.

வயிற்றுப்பாட்டுக்கு வெர்ஷன் தி.நகரில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் வேலை பார்த்தான். "இரண்டாவது மாடியில் பட்டுப் புடவைகள்" என்று நாள் முழுக்க மைக்கில் சொல்கிற வேலை. ஆடி மாதக் கூட்டத்தில் ஒருநாள், அறிவிப்புகளுக்கு நடுவே தன் பாட்டை நைசாகப் போட்டுவிட்டான். அப்போது வயலின் வைத்த மெதுவான வெர்ஷன் நடப்பில் இருந்தது. கடையில் அதிசயம் நடந்தது. தள்ளிக்கொண்டு போன கூட்டம் நிதானப்பட்டது. சில பேர் படிக்கட்டில் உட்கார்ந்தார்கள். ஒரு அம்மா எடுத்த புடவையை மடியில் போட்டுக்கொண்டு, பில் போடாமல், சும்மா எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாராம்.

மேலாளர் கூப்பிட்டு விசாரித்திருக்கிறார். "தம்பி, இது துணிக்கடையா, ரயில்வே வெயிட்டிங் ரூமா?"

வேறு யாராக இருந்தாலும் பாட்டு ஜெயித்துவிட்டது என்று பார்ட்டி கொடுத்திருப்பார்கள். இவன் என்னிடம் வந்து, "ஜனம் உக்காந்துச்சு மாமா, ஆனா எதுக்கு உக்காந்துச்சுன்னு தெரியல" என்று கவலைப்பட்டான். வயலினையும் அழித்துவிட்டு குத்து வெர்ஷனுக்குப் போனான்.

அதில்தான் சண்டை வந்தது. முதல் மாடி ஆடிட்டரின் மகள் பிரசவத்துக்குப் பிறந்த வீட்டுக்கு வந்திருந்தாள். அவள் குழந்தை மத்தியானம் வயலின் வெர்ஷனைப் போட்டால்தான் தூங்கும். ஒருநாள் வழக்கம்போல் போனில் பாட்டைத் தட்டித் தொட்டில் பக்கத்தில் வைத்திருக்கிறாள். வந்தது குத்து. குழந்தை அலறியதில் எதிர்வீட்டு நாய் குரைத்தது. ஆடிட்டர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மாடி ஏறினார்.

"அந்தப் பழைய பாட்டைக் குடுப்பா."

"இல்ல சார். அழிச்சிட்டேன்."

"அழிச்சியா? அப்ப நீயே வந்து பாடு."

பாடினான். விளையாட்டில்லை. கடையில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் தி.நகரிலிருந்து பைக்கில் வந்து, தொட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாடிவிட்டு, குழந்தை தூங்கியதும் திரும்பிப் போவான். அந்தப் பெண் புகுந்த வீட்டுக்குக் கிளம்புகிறவரை இது நடந்தது. அவன் சாப்பாடு எப்போது சாப்பிட்டான் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவன்மேல் எனக்குப் பிரியம் வந்தது அப்போதுதான் என்று நினைக்கிறேன்.

பிரியத்தைவிடக் குடைச்சல்தான் அதிகமாக இருந்தது. நன்றாக இருக்கிற பாட்டை ஒருத்தன் ஏன் இப்படிப் போட்டுப் படுத்துகிறான்? பெசன்ட் நகர் கடற்கரையில் அவன் கானா மாதிரி பாடிப் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில், பஜ்ஜிக் கடை பெஞ்சில் வைத்து நேரடியாகவே கேட்டுவிட்டேன்.

"உனக்கு என்னதான்டா வேணும்?"

மிளகாய் பஜ்ஜியின் காம்பைக் கிள்ளிக்கொண்டே சொன்னான். "ஒருத்தங்க ஒரு வார்த்த சொன்னாங்க மாமா. அது இன்னும் சரியாவல."

"யாரு? என்ன சொன்னாங்க?"

"அதெல்லாம் கேக்கக் கூடாது. நானா கண்டுபுடிக்கணும்."

போதாதா எனக்கு? வீட்டுக்கு வருவதற்குள் கதை தயார். காதலித்திருக்கிறான். அவள் பாட்டைப் பழித்துவிட்டுப் போய்விட்டாள். மழைக்கு ஒதுங்கியவள் அவளேதான். அவள் அடையாறில் இருக்கிறாள் என்றுகூட முடிவு செய்துவிட்டேன்; எதற்கு அடையாறு என்று என்னைக் கேட்காதீர்கள். வசந்தாவிடம் சொன்னபோது, அவள் கொத்தவரங்காய் நறுக்குவதை நிறுத்திவிட்டு நிஜமாகவே வருத்தப்பட்டாள்.

"பாவம் கொழந்தை. யாரோ கிராதகி. ஒரு வார்த்தையில ஒருத்தனை இப்பிடியா ஆக்குவா?"

போன கோடையில் ஒருநாள் வெர்ஷன் எங்கள் வீட்டுக்கு வந்து நின்றான். ஒரு வெப் சீரீஸ் கம்பெனிக்கு அந்தப் பாட்டு பிடித்துவிட்டதாம். எந்த வெர்ஷனைக் கொடுத்தாலும் எடுத்துக்கொள்வார்களாம். ஜவுளிக்கடை மைக்கை விட்டுவிட்டு இனிப் பாட்டை மட்டுமே வைத்துப் பிழைக்கலாம். ஒரே நிபந்தனை: கொடுப்பதுதான் கடைசி. அதற்குப் பிறகு அந்தப் பாட்டை அவன் தொடக் கூடாது. திங்கட்கிழமைக்குள் கொடுக்க வேண்டும்.

"ரொம்ப சந்தோஷம்டா. குடுத்துட வேண்டியதுதானே?" என்றேன்.

அவன் என்னைப் பார்க்கவில்லை. வசந்தாவைப் பார்த்தான்.

"மாமி, நானா கண்டுபுடிக்கலாம்னுதான் இருந்தேன். முடியல. இதுக்கப்புறம் மாத்தவும் முடியாது. அன்னிக்கி மாடில நீங்க 'நன்னா இருக்குடா, ஆனா'ன்னு சொல்ட்டு லாரிக்கு ஓடிட்டீங்க. அந்த ஆனாவுக்கு அப்பால இன்னா மாமி?"

நான் வசந்தாவைப் பார்த்தேன். கிராதகி அடையாறில் இல்லை. எங்கள் சமையலறை வாசலில் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தாள். முகத்தில் ஈயாடவில்லை.

"யோசிச்சு நாளைக்குச் சொல்றேண்டா" என்றாள் மெதுவாக.

அவன் போனதும் கதவைச் சாத்திவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். "ஞாபகம் இருக்கா?" என்று கேட்டேன்.

"நன்னா ஞாபகம் இருக்கு. சுங்குடிப் பொடவையைக் கொடியில ஒணத்தியிருந்தேன். அவன் அழுக்கு ஒயரை அது மேலயே இழுத்துப் போட்டிருந்தான். நன்னா இருக்குடா, ஆனா ஒயரை என் பொடவை மேலேருந்து எடுன்னு சொல்ல வந்தேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை. கம்ப்யூட்டர், டிரம்ஸ், வயலின், குத்து, கானா, இத்தனை வருஷமும் ஒரு புடவைக்காக. உண்மையைச் சொன்னால் அவன் சிரித்துவிட்டுப் போகலாம். மனசு ஒடிந்து அப்படியே உட்கார்ந்தும் விடலாம். சொல்லாவிட்டால் திங்கட்கிழமை போய்விடும். பொய்யாக ஒரு குறை சொன்னால் அதைச் சரிசெய்யப் புறப்பட்டுவிடுவான். அன்று ரசத்தில் உப்பு இல்லை. ஊறுகாயைத் தொட்டுச் சமாளித்தேன்.

மறுநாள் சாயங்காலம் மாடிக்குப் போனோம். நான், வழக்கம்போல், டப்பாவோடு. அவளுக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டான். ரஃபியும் ஒரு ஓரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"மொத மொதல்ல பாடினியே, அதைப் பாடு. மைக்கையும் போட்டுக்கோ" என்றாள் வசந்தா.

"அது இல்லியே மாமி. அழிச்சிட்டேன். எப்பிடிப் பாடினேன்னே மறந்துபோச்சு."

"நீ ஆரம்பி."

மைக்கை எடுத்து வந்தான். ஒயரை விரித்து, பழைய பழக்கத்தில், துணிக்கொடி மேல் இழுத்துப் போட்டான். அன்றைக்குக் கொடியில் வசந்தாவின் வெள்ளைப் பார்டர் போட்ட கைத்தறிப் புடவை. நான் அவளைப் பார்த்தேன். அவளும் ஒயரைப் பார்த்தாள். பிறகு அவன் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பாட ஆரம்பித்தான். இரண்டாவது வரியிலேயே ஒரு சங்கதி போட்டு இழுத்தான்.

"அங்க இழுக்கலை நீ அன்னிக்கு" என்றாள் அவள். "சட்டுனு விட்டுட்டே."

அவன் கை கிதார் மேல் அப்படியே நின்றது. மறுபடி பாடினான். "போலாம்"னு சொல்றச்சே குரல் தழைஞ்சு வரும் என்றாள். இன்னொரு இடத்தில் அவளே முணுமுணுத்துக் காட்டினாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை வருஷமாக அடுப்படியில் அவள் முணுமுணுத்துக்கொண்டிருந்தது இதுதான். ஏதோ கீர்த்தனை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவன் அழித்துவிட்ட பாட்டு எங்கள் வீட்டில் தினமும் சாம்பாரோடு கொதித்துக்கொண்டிருந்திருக்கிறது.

பிறகு ரெக்கார்டிங்கைப் போட்டு, நிறுத்தாமல் ஒருதரம் முழுசாகப் பாடினான். கிதாரும் குரலும் மட்டும். ரஃபி விரலால்கூடத் தட்டவில்லை. பாட்டு முடிந்தது.

"நன்னா இருக்குடா" என்றாள் வசந்தா.

அவன் காத்திருந்தான். நானும் காத்திருந்தேன். அவள் வாய் அதற்கு மேல் திறக்கவில்லை.

கீழே தண்ணி லாரி ஹாரன் அடித்தது. சாவி அவள் இடுப்பில் இருந்தது. இன்னொரு தரம் நீளமாக அடித்தது. "செகரட்டரி மேடம்" என்று ஆடிட்டர் படிக்கட்டில் நின்று கத்தினார். லாரி கிளம்பிப் போகிற சத்தமும் கேட்டது. வெர்ஷன் கிதாரில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டான். அழுதானா சிரித்தானா என்று அந்தக் கோணத்திலிருந்து எனக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு ஃப்ளாட் முழுக்க குளிக்கத் தண்ணீர் இல்லாமல் திண்டாடியதையும், செயலாளரை மாற்ற வேண்டும் என்று ஆடிட்டர் வீடு வீடாகக் கையெழுத்துக்கு அலைந்ததையும் சொல்லப்போவதில்லை. புடவையில் பட்ட கறுப்புக் கோடும் போகவில்லை. அன்று பதிவானதைத்தான் வெர்ஷன் கம்பெனிக்குக் கொடுத்தான். கடைசியில் வருகிற ஹாரனை வெட்டிவிட்டுத் தாருங்கள் என்று கேட்டார்களாம். "மாத்தக் கூடாதுன்னு நீங்கதான சார் எழுதிக்கினு வந்தீங்க" என்று சொல்லிவிட்டான்.

இப்போது கே.கே. நகரில் ரஃபியோடு சேர்ந்து சின்னதாக ஒரு ஸ்டூடியோ வைத்திருக்கிறான். இரண்டாவது பாட்டு எழுதுகிறானாம். ஒயர் சமாசாரம் அவனுக்கு இன்றுவரை தெரியாது. அவன் வாரப் பத்திரிகை படிப்பதில்லை என்கிற தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

அந்தப் பாட்டை நான் அடிக்கடி கேட்கிறேன். முடிந்ததும் ஹாரன் வரும், இன்னொரு ஹாரன் வரும். அதற்கப்புறம் வசந்தாவின் பிளாஸ்டிக் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்க வேண்டும். எத்தனை தரம் போட்டாலும் அது நகர்வதில்லை.